சந்தனப் பொட்டு வைத்த சேமியா

சங்கிலி இருந்தது. நாய் இல்லை.

ஷர்லி கூடாரத்து வாசலில் மண்டியிட்டு அந்தச் சங்கிலியையே வெறித்தாள். ஒரு முனை முந்திரி மரத்தில் பத்திரமாக இருந்தது. மறுமுனையில் கொக்கி வாய் பிளந்து கிடந்தது. பல் துலக்கிவிட்டுத் திரும்பிய நேரத்துக்குள் எல்லாம் முடிந்திருந்தது.

“சேமியா! ஏய் சேமியா!”

பக்கத்துக் கூடாரத்து லாப்ரடார்க்காரர் இரண்டு கைகளையும் வாயருகே குவித்துத் தோப்பே அதிரும்படி கத்தினார்.

“கூப்பிடாதீங்க சார்” என்றாள் ஷர்லி.  “அதுக்குக் காது கேக்காது.”

அவர் கைகள் அப்படியே கீழே இறங்கின.

தோசைக் கரண்டியோடு அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள் திலகவதி. அந்தத் தோப்பின் சொந்தக்காரி. வேலி ஓரமாக நடந்து பார்த்தவள், ஓர் இடத்தில் குனிந்தாள். முள்வேலியில் ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஈரமண்ணில் நாலுகால் பாய்ச்சலின் தடம். அதற்கு முன்னால் சின்னச் சின்னதாய் இன்னொரு தடம்.

“முயலு” என்றாள் திலகவதி. “முயலத் தொரத்திக்கிட்டுப் போயிருக்கு. வேட்டை நாயி. சங்கிலியாவது ஒண்ணாவது.”

“அந்தப் பக்கம் என்னக்கா இருக்கு?”

திலகவதி தோசைக் கரண்டியால் ஓட்டைக்கு அப்பால் காட்டினாள். 

“மெயின் ரோடு.”

*

ஆலங்குடிப் பக்கம் திலகவதியின் குடும்பத்துக்கு இருந்தது தென்னையும் முந்திரியும். கஜா புயல் ஒரே ராத்திரியில் தென்னையைத் தரையில் படுக்கப் போட்டது. முந்திரி மட்டும் பிழைத்தது. கணவன் அய்யப்பன் குவைத்தில். வெறும் தோப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாமல், முந்திரி நிழலில் ஆறு கூடாரங்கள் போட்டாள் திலகவதி. பாத்ரூம் கட்டினாள். வேலி போட்டாள். வாசலில் ஒரு போர்டு வைத்தாள்: ‘நாயோடு வரலாம்.’

ஊர் சிரித்தது. “மனுசனுக்கே லாட்ஜ் இல்லாத ஊர்ல நாய்க்கு லாட்ஜா?”

ஆனால் திருச்சியிலிருந்து கார்கள் வந்தன. அப்பார்ட்மென்ட் பால்கனியில் அடைந்து கிடந்த நாய்களெல்லாம் இங்கே இறங்கியதும் மண்ணில் புரண்டன. ஓட்டல்காரர்கள் வாசலிலேயே கையை நீட்டித் தடுத்த ஆட்கள், இங்கே நாயோடு சேர்ந்து பாயில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அப்படி வந்தவள்தான் ஷர்லி. தில்லைநகரில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் ரிசப்ஷனிஸ்ட். கூட வந்தது ராஜபாளையம் நாய். பால்வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, இடுப்பளவு உயரம். அந்த ஜாதியில் சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. விற்க முடியாது என்று வளர்த்தவர் தள்ளிவிட்ட குட்டியை ஷர்லி தூக்கி வந்தாள். பிறகு அந்த நாய்க்காகவே வீடு மாற்றினாள். மறுபடி மாற்றினாள். மறுபடியும்.

“சேமியா வந்ததுக்கு அப்புறம் எங்க ரெண்டு பேரையும் பாத்து ‘வாங்க’ன்னு சொன்ன மொத வாசல் ஒங்களோடதுதான்க்கா” என்று சனிக்கிழமை வந்து இறங்கியதுமே சொன்னாள்.

 திலகவதிக்குத் தெரிந்த மரியாதை ஒன்றுதான். மாமனார் வீட்டு ஜல்லிக்கட்டுக் காளை வாடிவாசலுக்குக் கிளம்பும்போது நெற்றியில் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்துக் கழுத்தில் சிவப்புத் துண்டு கட்டுவார்கள். தோப்புக்கு வருகிற ஒவ்வொரு நாய்க்கும் அதையே செய்தாள்.

“நாங்க கிறிஸ்டியன்க்கா…” என்று ஷர்லி லேசாக இழுத்தாள்.

“ஒனக்கா வைக்கிறேன்? நாய்க்குத்தானே?”

ஷர்லி சிரித்துவிட்டாள். சேமியாவின் வெள்ளை நெற்றியில் சந்தனமும் குங்குமமும் ஏறின. கழுத்தில் சிவப்புத் துண்டு. பட்டையில் ஏற்கெனவே ஒரு வெண்கல மணி. ஷர்லி ஃபோட்டோ எடுத்தாள். திலகவதிக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமைதான் ஞாயிற்றுக்கிழமை இருவரையும் அலைய விடப்போகிறது என்று அப்போது தெரியாது.

*

ஸ்கூட்டி வரப்பில் குதித்து மெயின் ரோட்டில் ஏறியது. பின்னால் ஷர்லி, திலகவதியின் தோளை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

காது கேட்கிற நாய் லாரி வந்தால் ஒதுங்கும். சேமியா ஒதுங்காது. அதற்குப் பின்னால் உலகமே இடிந்து விழுந்தாலும் தெரியாது. முயலின் வாலைத் தவிர வேறு எதையும் பார்த்திருக்காது.

“நிறுத்துங்கக்கா!”

திலகவதி பிரேக்கை அழுத்தினாள்.

ரோட்டின் நடுவில் கறுப்புக் கோடு. பெரிய டயர் தேய்ந்து இழுத்துக்கொண்டு போன கோடு. ரப்பர் கருகிய வாசனை இன்னும் போகவில்லை. கோடு முடிந்த இடத்தில், தாரில் ஒட்டிக்கொண்டு, ஓர் இழை சிவப்பு நூல்.

ஷர்லி இறங்கினாள்.  அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

“இங்கிட்டு வாங்க, இங்கிட்டு வாங்க! நடு ரோட்டுல உக்காந்துக்கிட்டு!”

எதிர்ப்புற டீக்கடையிலிருந்து குரல். கடைக்காரர் ராக்கன். கையில் டீ வடிகட்டி.

“அண்ணே, இங்க ஒரு நாயி… வெள்ளை நாயி…” திலகவதிக்கு வாக்கியம் முடியவில்லை.

ராக்கனின் முகம் மலர்ந்தது. வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“நீங்களும் கேள்விப்பட்டு தரிசனத்துக்கு வாரீங்களாக்கும்? கொஞ்சம் முன்னாடிதான் போச்சு. அடடா! என்ன நடை, என்ன கம்பீரம்!”

ஷர்லி எழுந்தாள். “உயிரோட இருக்கா?”

“என்னம்மா இப்படிக் கேக்குறீங்க? ரோட்டுக்கு நடுவுல அது பாட்டுக்கு மோந்துக்கிட்டே போகுது. எதுக்க வந்த புதுக்கோட்டை டவுன் பஸ்ஸு ஹாரன் அடிக்கிறான், அடிக்கிறான், நிமிந்துகூடப் பாக்கல. நாயின்னு நெனச்சு வந்தவன் கிட்ட வந்ததும் நெத்தியில சந்தனத்தப் பாத்துட்டான். மணியப் பாத்துட்டான். ‘ஐயோ, கருப்பர் நாயி!’ன்னு நின்னு மிதிச்சான் பாருங்க பிரேக்க! பம்பர் உரசித் துண்டு நுனிதான் கிழிஞ்சுச்சு. வண்டி குலுங்கி, உள்ள இருந்தவன் கொண்டு வந்த தக்காளியெல்லாம் முன்னாடி வந்துருச்சு. டிரைவர் எறங்கி வந்து தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் வண்டிய எடுத்தாரு.”

ஷர்லி கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. யாருக்கோ நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

திலகவதி மட்டும் ராக்கன் பக்கம் திரும்பினாள்.

“கருப்பர் நாயா?”

“பின்ன? பொட்டு வச்சு, துண்டு கட்டி, மணி போட்டு விட்டிருக்காங்கன்னா கோயிலுக்கு நேர்ந்து விட்டதுதானே? மாடு விடுவாங்க, கெடா விடுவாங்க. நாயி விட்டு நானும் இப்பத்தான் பாக்குறேன். கருப்பர் வேட்டைக்குப் போறப்ப முன்னால ஓடுறது நாயிதானே? யாரோ வெவரமானவுக நேர்ந்திருக்காக.”

“பிடிச்சுக் கட்டிப் போட்டிருக்கலாம்லண்ணே!”

ராக்கன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “ஏம்மா, நீ இந்த ஊர்தானே? நேர்ந்து விட்டத யாராச்சும் கட்டுவாகளா? வெரட்டக் கூடாது, கட்டக் கூடாது. வந்தா வகுத்துக்குப் போட்டு, போனா வழி விடணும். பன்னும் பாலும் வச்சேன். சாப்பிட்டுச்சு. போச்சு.”

திலகவதி தலையில் அடித்துக்கொண்டாள். சந்தனம் இல்லாமல் போயிருந்தால், ‘யார் வீட்டு நாயோ’ என்று ஒருவர் பிடித்துக் கட்டிவிட்டு ஊர் குரூப்பில் போட்டிருப்பார். இப்போது ஒரு தாலுகாவே சேர்ந்து நாய்க்குச் சோறு போட்டு வழியனுப்பிக்கொண்டிருக்கிறது.

“எந்தப் பக்கம் போச்சு?”

“அங்கிட்டு” என்று தெற்கே கை காட்டினார்.

*

அடுத்த ஊரில் களத்தில் நிலக்கடலை காயப் போட்டுக்கொண்டிருந்தாள் செங்கமலம் என்ற அம்மாள்.

“வந்துச்சு, வந்துச்சு. தயிர்ச் சோறு வச்சேன். மோந்து பாத்துட்டு மோரு மொளகாய ஒதுக்கிட்டு மிச்சத்தத் தின்னுச்சு. ‘எஞ்சாமி, கொஞ்சம் நில்லு, மகளக் கூட்டியாரேன்’னு பின்னாடியே கூப்பிட்டேன். கண்டுக்கவே இல்ல. சாமி நாயின்னா சும்மாவா? மனுசன் கூப்பிட்டா திரும்புமா?”

ஷர்லிக்கு அழுகையும் சிரிப்பும் ஒரே நேரத்தில் வந்தன. “அம்மா, அதுக்குக் காது கேக்காதும்மா.”

“நம்ம கொறையெல்லாம் அதுக்கு எதுக்குத்தா கேக்கணும்?” என்றாள் செங்கமலம், பரவசம் குறையாமல். திருநீற்று மடலை நீட்டினாள். “நீயும் பூசிக்க.”

அதற்குள் செங்கமலத்தின் மகள் சுடர்விழி ஃபோனோடு ஓடி வந்தாள். “அக்கா, இதுவா பாருங்க. எங்க மாமா ஸ்டேட்டஸ் வச்சிருக்காரு.”

திரையில் சேமியா. சந்தனம், துண்டு, மணி எல்லாம் அப்படியே. கூடுதலாகக் கழுத்தில் ஒரு செவ்வந்தி மாலை. பின்னால் வரிசையாக மண் குதிரைகள். கீழே எழுத்து: ‘எங்க வீட்டு காதுகுத்துக்கு கருப்பரே ஆள் அனுப்பிட்டார்.’

“இது எங்கம்மா இருக்கு?”

“கம்மாக் கரை கருப்பர் கோயிலு. போங்க, கெடா வெட்டி முடிஞ்சு சாப்பாடு நடக்குது. ஆனா…” சுடர்விழி தயங்கினாள். “அங்க உடையப்பன் தாத்தா இருப்பாரு. அவருகிட்ட இது ஒங்க நாயின்னு சொல்லி வாங்கிருவீங்களா?”

*

கோயிலுக்குக் கூரை இல்லை. பெரிய மருத மரம், அரிவாள் நட்ட மேடை, இரண்டு பக்கமும் மண் குதிரைகள். சாமியானாவுக்குள் நூறு பேர் இருப்பார்கள். உறுமியும் தவிலும் முழங்கிக்கொண்டிருந்தன. தேக்சாவில் பிரியாணி கிளறுகிற சத்தம். காது குத்திய குழந்தை அழுது முடித்து லட்டு தின்றுகொண்டிருந்தது.

குதிரைகளுக்கு நடுவில், தனக்கென்றே போட்ட வாழையிலை முன்னால், எல்லோருக்கும் முதுகைக் காட்டிப் படுத்து எலும்பு கடித்துக்கொண்டிருந்தது சேமியா.

ஷர்லி பாய்ந்தாள். ஒரு கை குறுக்கே வந்து மறித்தது.

வெள்ளை மீசை, வெள்ளை வேட்டி, மார்பில் சந்தனம். குழந்தையின் தாத்தா உடையப்பன்.

“யாரு ஆத்தா நீ? செருப்பக் கழட்டு மொதல்ல.”

கழற்றினாள். “ஐயா, அது என்னோட நாய்.”

“எது?”

“அதோ, அது.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். உடையப்பன் சிரிக்கவில்லை.

“செத்த நேரம் முன்னாடி இந்தக் கொழந்தை காதுல ஊசி வைக்கிற நேரத்துல தானா நடந்து வந்து இந்த எடத்துல படுத்துச்சு. ஒருத்தரும் கூப்பிடல. ஒருத்தரும் காட்டல. ஓ நாயிங்கிற?”

திலகவதி முன்னால் வந்தாள். “ஐயா, நான் அய்யப்பன் சம்சாரம், முந்திரித் தோப்பு. தப்பு என்னுதுங்க. அந்தப் பொட்டு நான் வச்சது. கோயிலுக்கு இல்லைங்க, விருந்தாளிக்கு வச்ச மரியாத.”

“ஓ, நாய்க்கு லாட்ஜு நடத்துற பிள்ளையா?” என்றார் உடையப்பன். சிரிப்பு இன்னும் பலமானது. “நாயக் கொண்டுபோய்ப் படம் புடிச்சு ஏவாரம் பண்ணப் போறியாக்கும்.”

“இல்லைங்கய்யா, சத்தியமா…”

உடையப்பன் கையை உயர்த்தினார்.

“வம்பு வேணாம். கோயில் வாசல்ல படுத்தத எவனும் கயிறு போட்டு இழுக்க நான் விடமாட்டேன். ஆனா அதுவா எழுந்திரிச்சுப் போனா, தடுக்கவும் எனக்கு அதிகாரம் இல்ல. ஓ நாயின்னா இங்க நின்னே கூப்பிடு. சோத்தக் காட்டக் கூடாது, முன்னால போய் நிக்கக் கூடாது. வந்தா கூட்டிக்கிட்டுப் போ.”

ஷர்லி தலையை ஆட்டினாள்.

“ஐயா, அதுக்குக் காது கேக்காதுங்க.”

 கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

“கூப்பிடுன்னு சொன்னதும் காது செவிடாப் போச்சாம்ல!”

“நல்லா இருக்கு கதை!”

சேமியா எலும்பைக் கடித்துக்கொண்டேயிருந்தது. திரும்பவில்லை. முதுகுக்குப் பின்னால் பத்தடியில் தன்னுடைய ஆள் நிற்பது அதற்குத் தெரியாது. எலும்பு முடிந்தால் எழுந்து, கம்மாய்ப் பக்கம் இறங்கிப் போய்விடும். போனால், இன்னோர் ஊர். இன்னொரு ரோடு. எல்லா டிரைவரும் சரியான நேரத்தில் சந்தனத்தைப் பார்ப்பார்களா?

ஷர்லி குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தாள். கம்மாய்க் கரை மண் இறுகிப் பலகை மாதிரி கிடந்தது. ஆனால் உறுமிச் சத்தத்தில் அதிர்ந்துகொண்டிருந்தது.

நிமிர்ந்தாள். “ஐயா, ஒரே ஒரு உதவி. மேளத்தை நிறுத்தச் சொல்லுங்க. யாரும் ஆடாம அசையாம நில்லுங்க. ஒரு நிமிஷம் போதும்.”

உடையப்பன் அவள் கண்களைப் பார்த்தார். என்ன கண்டாரோ, மேளக்காரர்கள் பக்கம் திரும்பினார்.

“நிறுத்துங்கப்பா.”

உறுமி அடங்கியது. தவில் அடங்கியது.

“ஏய், ஓடாம நில்லுங்கடா. மாப்ள, எலையப் போட்டுக்கிட்டே நடக்காத, நில்லு. எலேய் சமையலு! கரண்டிய நிறுத்துறா!”

நூறு பேரும் சிலையாக நின்றார்கள். மருத மரத்தில் ஒரு காக்கை மட்டும் கத்திவிட்டு அதுவும் ஓய்ந்தது.

ஷர்லி வெறுங்காலின் குதிகாலைத் தூக்கினாள்.

தொம்.

சேமியா கடித்துக்கொண்டிருந்தது.

தொம். தொம்.

கடிப்பது நின்றது. வாய் எலும்பின் மேலேயே இருந்தது. முதுகு ரோமம் மட்டும் சிலிர்த்தது.

தொம்.

வெள்ளைத் தலை திரும்பியது. முதலில் தப்பான பக்கம். குதிரைகளைப் பார்த்தது. பந்தலைப் பார்த்தது. பிறகு, பிறகுதான், அவளைப் பார்த்தது.

ஷர்லி இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டி, நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

இலை பறந்தது. எலும்பு பறந்தது. மணி சிதறுகிற மாதிரி ஒலிக்க, சிவப்புத் துண்டு காற்றில் விரிய, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அவள் மேல் மோதியது சேமியா. ஷர்லி மல்லாக்க விழுந்தாள். விழுந்த இடத்திலேயே அதைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். சேமியா அவள் கண்ணீரை நக்கியது. மூச்சில் மட்டன் வாசனை.

யாரும் சிரிக்கவில்லை. திலகவதிக்குப் பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் மூக்கை உறிஞ்சினார்.

உடையப்பன் மெல்ல நடந்து வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மணியை விரலால் தட்டிப் பார்த்தார்.

“காது கேக்காத நாய்க்கு எதுக்கு ஆத்தா மணி?”

“மணி அதுக்கில்லைங்கய்யா. எனக்கு. எங்க இருக்குன்னு எனக்குத் தெரியணும்ல?”

 உடையப்பன் தன் தோளில் கிடந்த புதுத் துண்டை எடுத்து, கிழிந்த சிவப்புத் துண்டின் மேலேயே கட்டினார்.

“ஒன்னோட நாயிதான். சந்தேகமே இல்ல. ஆனா எங்க வீட்டு விசேசத்துக்கு வந்த விருந்தாளியும்தான். பாதி எலையில எந்திரிச்சுப்புடுச்சு. நீங்க ரெண்டு பேரும் உக்காந்து சாப்பிடாம இங்கிருந்து நகர முடியாது. இதுல மட்டும் நான் தடுப்பேன்.”

சாப்பிட்டார்கள். சேமியாவுக்கு மறு இலை விழுந்தது. மேளம் மறுபடி ஆரம்பித்தது. இம்முறை சேமியா தரையில் தாடையை வைத்து, அந்த அதிர்வைக் கண்ணை மூடி அனுபவித்தது.

*

கிடா ஏற்றி வந்த குட்டி யானை வண்டியில்தான் திரும்பினார்கள். உடையப்பன் ஏற்பாடு. பின்னால் சேமியா, பக்கத்தில் ஷர்லி, ஓரமாகப் படுக்கப்போட்ட ஸ்கூட்டி, அதைப் பிடித்துக்கொண்டு திலகவதி.

வந்த வழியில் ஓர் இடத்தைக்கூட ஷர்லி விடவில்லை. செங்கமலத்தின் களத்தில் இறங்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “தயிர்ச் சோறு போட்டீங்களே அம்மா.” செங்கமலம் பதிலுக்கு முந்தானை நிறைய நிலக்கடலையை மடியில் கொட்டினாள். “மெய்யாவே காது கேக்காதா? அடி ஆத்தி, நான் கோவிச்சுக்கிட்டுல்ல போகுதுன்னு நெனச்சேன்.”

டீக்கடையில் ராக்கன் முகம் கொஞ்சம் வாடியது. “அப்ப கருப்பர் நாயி இல்லியா?” என்றவர் சேமியாவைப் பார்த்ததும் மறுபடி கன்னத்தில் போட்டுக்கொண்டார். “எதுக்கும் இருக்கட்டும்.”

அப்போதுதான் அந்த டவுன் பஸ் திரும்பி வந்தது.

ஷர்லி ரோட்டோரம் நின்று கை காட்டினாள். பஸ் நின்றது. ஜன்னல் பக்கமாக ஓடிப்போய், ஸ்டீயரிங்கில் இருந்த டிரைவரின் கையை எட்டிப் பிடித்தாள்.

“தேங்க்ஸ் அண்ணா. ரொம்ப ரொம்ப தேங்க்ஸ்.”

“எதுக்கும்மா?”

“நின்னீங்களே. அதுக்குக் காது கேக்காதுண்ணா.”

டிரைவர் சேமியாவைப் பார்த்தார். புரிந்தது. “ஒங்க நாயா? காதே கேக்காதா? அதானே! அத்தனை ஹாரனுக்கும் அசையலியேன்னு பாத்தேன்.” கண்டக்டர் விசில் அடித்தார். டிரைவர் சேமியாவைத் தாண்டும்வரை ஹாரனைத் தொடாமல், மாட்டு வண்டி வேகத்தில் பஸ்ஸை நகர்த்தினார். ஜன்னலெல்லாம் கும்பிட்ட கைகள்.

தோப்புக்கு வந்ததும் திலகவதி கூடாரத்தைப் பிரிக்க உதவினாள். வேலி ஓட்டையை ஏற்கெனவே லாப்ரடார்க்காரரும் மற்றவர்களும் சேர்ந்து முள் வைத்து அடைத்திருந்தார்கள். காரில் சாமான் ஏறியது. கடைசியில் தாங்காமல் சொன்னாள்.

“என் பொட்டாலதான் இவ்வளவு அலைச்சல். இனிமே எந்த நாய்க்கும் வைக்க மாட்டேன் ஷர்லி.”

“என்னக்கா சொல்றீங்க?” ஷர்லி சேமியாவின் நெற்றியைக் காட்டினாள். அலைச்சலிலும் கட்டிப்பிடித்ததிலும் சந்தனம் பாதி அழிந்திருந்தது. “ஊரு போய்ச் சேர இன்னும் எவ்வளவு ரோடு இருக்கு. அழிஞ்சிருக்கு பாருங்க. மறுபடி வைங்க. நல்லா பெருசா வைங்க.”

திலகவதி அவளையே பார்த்தாள். உள்ளே ஓடிப்போய்ச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். இன்னொரு கையில் மார்க்கர் பேனா.

நெற்றி நிறையச் சந்தனம் அப்பினாள். நடுவில் குங்குமம். பிறகு உடையப்பனின் புதுத் துண்டை விரித்துப் பிடித்து, ஷர்லியின் ஃபோன் நம்பரைக் கொட்டை எழுத்தில் எழுதினாள். அதன் கீழே தன் நம்பரையும்.

“சாமி நாயாவே இருந்தாலும் அட்ரஸ் இருக்கட்டும்” என்றாள்.

ஷர்லி அவளைக் கட்டிக்கொண்டாள். சந்தனம் சுடிதாரிலும் ஒட்டியது. துடைக்கவில்லை.

காரை எடுக்கும்போது ஜன்னலை இறக்கினாள். “அக்கா, அடுத்த வருசம் கருப்பர் கோயில் கெடா வெட்டுக்கு ஒரு கூடாரம் எனக்கு. இப்பவே சொல்லிட்டேன். உடையப்பன் ஐயா சேமியாவுக்கு எலை போட்டு வைக்கிறேன்னிருக்காரு.”

பின் சீட்டில் சேமியா வாயைத் திறந்து ஒரு பெரிய ஏப்பம் விட்டது.